ஈர வேட்டியும் டெல்லித் திட்டமும்

என் அண்ணன் நாறும்பூநாதன் குற்றாலத்தில் ஓர் அரசு விடுதியின் காவலர். விடுதிக்குப் பின்னாலேயே குடியிருப்பு. அண்ணி சொக்கம்மாளுக்கு நடமாட்டம் இல்லை. தென்காசியிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அதனால் மாறுதல் என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணனுக்கு முகம் செத்துவிடும்.

எண்பத்து மூன்றில் டெல்லியிலிருந்து ஒரு திட்டம் இறங்கியது. நாடெங்கும் பழைய அரசுக் கட்டடங்களைச் செப்பனிட்டு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாம். உள்ளே இருக்கும் குளிர்ச்சி வெளியே போகாதபடி ஓட்டைகளை எல்லாம் அடைக்க வேண்டுமாம். அந்த விடுதியில் ஏசியே கிடையாது. அதைக் கேட்டுக்கொள்ள டெல்லியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேசம் முழுவதும் ஒரே வெயில் என்று நினைக்கிற புத்திசாலிகள். அண்ணனுக்கும் தோன்றவில்லை. நாட்டுக்கு நல்லது என்று தானே ஏணியில் ஏறி வெண்டிலேட்டர்களைச் சிமெண்டு வைத்துப் பூசினான். ஓட்டுக்கு அடியில் தெர்மோகோல் வந்தது. கண்ணாடி ஓடுகள் மறைந்தன. பட்டப்பகலில் டியூப் லைட் எரிந்தது. மிச்சம் பிடித்த லட்சணம்.

சாரல் பிடித்தது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈர வேட்டிகளை எண்ணெய் வாடையோடு அறைக்குள்ளேயே கொடி கட்டிப் போடுவார்கள். முன்பெல்லாம் வெண்டிலேட்டர் காற்றில் அவை காய்ந்தன. இப்போது எல்லா அறையிலும் ஃபேன்.

"ஃபேனை அமத்தும் வே, கரண்டு கூடுதுல்லா" என்று அண்ணன் அறை அறையாக அலைந்தான்.

"வேட்டி காயாண்டாமா அண்ணாச்சி? ஊருக்குத் துண்டோட போகச் சொல்லுதீரா?"

"காத்துல காயப் போடும்."

"காத்து எங்கன இருக்கு? நீருதான ஏணி போட்டு அடைச்சீரு!"

மின்சாரச் செலவு குறைவதற்குப் பதில் ஏறியது. விசாரிக்க டெல்லி உத்தியோகத்தில் இருந்த மதுரைக்காரர் ஒருவர் வந்தார். வந்தவர் முதலில் அருவிக்குப் போனார். திரும்பியதும் தன் பனியனையும் துண்டையும் ஃபேனுக்கு நேர் கீழே கொடியில் விரித்துப் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"கரண்ட் ஏன்யா இவ்வளவு ஏறுது?"

அண்ணன் அந்தப் பனியனைப் பார்த்தான். கை நீட்டிக் காட்டியிருந்தாலே போதும். மாறுதல் பயம் தடுத்தது.

"வாறவங்க ஃபேன் போடுதாங்க சார்."

"நீ எதுக்கு இருக்க? கண்டிக்க மாட்டியா?"

பனியன் ஆடிக்கொண்டிருந்தது.

திட்டத்தில் குறையில்லை, காவலர்தான் சரியில்லை என்று முடிவானது. எதற்குப் பயந்து வாயை மூடினானோ அதுவே வந்தது: ராமநாதபுரம். அண்ணியை இலஞ்சியில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தனியாகப் போனான். அடுத்த கோடையில் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

காரியத்தைக் குற்றாலத்தில் செய்தோம். புதுக் காவலர் நெல்லையப்பன் அந்த விடுதியிலேயே ஓர் அறையைத் திறந்துவிட்டார். மேலே, அடைத்த வெண்டிலேட்டரில் அண்ணனின் பூச்சுக் கரண்டி இழுத்த கோடுகள் அப்படியே இருந்தன. காரியம் செய்தவரின் ஈர வேட்டியைக் கொடியில் போட்டோம். யாரோ ஃபேனைத் தட்டிவிட்டார்கள். அமத்தச் சொல்லி ஒருவரும் வரவில்லை.