சாக்கு அச்சு விழுந்த புத்தகம்

பேத்தி கூப்பிட்டாளே என்று போன மாதம் அவள் படிக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தேன். அபூர்வ நூல்கள் அறை வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டார்கள். பேனாவையும் வாங்கிக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். எழுபது தாண்டியும் திருட்டு முழி முழிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மேஜையில் வைத்த பறவைப் படப் புத்தகத்திலிருந்து தேயிலை வாசம் வந்தது. பேத்திக்கு வரவில்லையாம். திருப்பினேன். பின்னட்டைத் தோலில் சாக்கின் நெசவு கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெள்ளைக்காரர்கள் தங்கியிருந்த காலத்தில், குன்னூர்ப் பக்கம் ஒரு துரைமார் கிளப்பில் புத்தக அலமாரிகளுக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்றால் தூசி தட்டுவது. ஐப்பசி மழையில் தோலட்டைகள் பூசணம் பூத்துவிடும். உடனே தேயிலைக் கொழுந்துக் கூடைகளில் அடுக்கிப் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரிக்கு அனுப்புவோம். பறித்த கொழுந்தை வாடப்போடும் மேல்மாடியில் இதமான சூட்டுக்காற்று வீசும். சாக்கு விரித்த தட்டுகளில் இலையோடு இலையாகப் புத்தகங்களும் காயும். அந்த மாடிக்கு ராஜா, தேயிலையைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் சவரிமுத்து அண்ணன்.

ஒரு மழையில், சொட்டச் சொட்ட வைத்த இந்தப் புத்தகத்தில்தான் சாக்கு அச்சு விழுந்தது. கிளப் செக்ரட்டரி துரைக்கு இது உயிர்.

"ஏந்தம்பி, துரை கண்ணுல பட்டா நம்ம ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணுதானுங்க" என்றார் அண்ணன்.

அதை மட்டும் முன்னாலேயே கிளப்புக்குக் கொண்டுவந்து அலமாரியின் பின்வரிசையில் செருகி வைத்தேன். மிச்சப் புத்தகங்களோடு அண்ணன் வந்துபோன மறுநாள் அதைக் காணோம். அச்சை மறைக்க அவர்தான் ஃபேக்டரி அடுப்பில் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். சாவி என்னிடம் இருந்ததால் நான்தான் எடுத்தேன் என்று அவர் நினைத்தார். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். வழியில் பார்த்தால் அவர் என் பையைத்தான் முதலில் பார்ப்பார்.

புத்தகம் ஃபேக்டரியிலிருந்து திரும்பவே இல்லை என்று துரை முடிவு கட்டினார். திரும்பி வந்தது என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அண்ணன் வேலை போயிற்று. குடும்பத்தோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மாமனார் ஊரான கோத்தகிரிக்குப் போனார்.

இது எப்படி இங்கே வந்தது என்று நூலகத்துப் பெண்ணிடம் கேட்டேன்.

"குன்னூர்ப் பக்கம் ஒரு கிளப்ல செக்ரட்டரியா இருந்த துரையோட பேரன் இங்கிலாந்துலேர்ந்து அனுப்பினது சார். அவங்க வீட்டு ஹால்லயே ரொம்ப காலம் இருந்துதாம்."

அண்ணனிடம் சொல்லியாக வேண்டும். அந்த வாரமே கோத்தகிரிக்குப் பஸ் ஏறினேன்.

விசாரித்து விசாரித்து அண்ணன் மகள் வீட்டைக் கண்டுபிடித்தேன். பாதிக் கதவைத் திறந்து, "அப்பா தவறி ரொம்ப நாளாச்சுங்க" என்றாள். என் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது.

"புஸ்தகத்தை எடுத்தவருங்களா? கடைசி வரைக்கும் அப்பா உங்களைத்தானுங்க சொல்லிட்டிருந்தாரு."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்படீங்களா" என்றாள். மீதிக் கதவு திறக்கவில்லை.

கிளப் இப்போது ஹோட்டல். ஃபேக்டரி இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. துரையும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் எடுக்கவில்லை என்று நம்பவேண்டிய ஒரே மனிதர், நம்பாமலே போய்விட்டார்.