வெட்டியது போக மீதிப் பேச்சு

மெத்தைக்கடைக்காரர் தம் மைத்துனனுக்கு ஐயாயிரம் பாக்கி வைத்திருந்தார். பணம் இல்லாமல் அல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, ஊசியும் நூலுமாகத் தொடங்கி, இரண்டு மாடிக் கடைக்கு முதலாளி ஆனவர்; ஐயாயிரமெல்லாம் அவருக்குத் தூசு. நியாயம் இடித்தது, அதுதான் சங்கதி.

மைத்துனன் கல்யாண வீடியோ எடுப்பவன். கடைக்கு விளம்பரம் செய்கிறேன் என்று கேமராவோடு வந்தான். இவர் தாம் முன்னுக்கு வந்த கதையை முக்கால் மணி நேரம் மடை திறந்தாற்போல் பொழிந்தார். அவன் அனுப்பியதோ அரை நிமிடம். அதில் கதையே இல்லை. இவர் மெத்தைமேல் ஏறி ஒரு குதி குதித்து, "எம் பொண்டாட்டி கோபத்தயே தாங்குன மெத்தைங்க!" என்கிறார். அவ்வளவுதான்.

"என்னடா இது?"

"கிளிப்பு மாமா. நீள வீடியோவுல நல்ல எடத்த மட்டும் வெட்டி எடுக்கறது. அதுக்கு மேல எவன் பாக்கறான்?"

"அப்ப மிச்சமெல்லாம் நல்லா இல்லயா?"

மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

"துணி வெட்டுனா மிச்சத் துண்ட வாடிக்கைக்காரர் கையில குடுத்துடுவேன் நான். நீ எம் பேச்ச வெட்டி வீட்டுல வெச்சுக்கிட்டு, கூலி வேற கேக்கறியா? மொதல்ல மிச்சத்தக் கொண்டா. அப்புறம் பேசலாம்."

"அது குப்ப மாமா!"

"எதுடா குப்ப? நான் பட்டினி கெடந்ததா?"

அவன் அக்காவிடம் முறையிட்டான். "குடுத்துத் தொலடா. அவரு பேச்ச நான் வெட்டாமயே கேட்டுக் குடும்பம் நடத்தலயா?" என்றாள் அவள்.

மிச்சம் வந்தது. கடை டிவியில் முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். அதற்குள் கிளிப் கைபேசிக்குக் கைபேசி தாவி ஊரையே சிரிக்க வைத்திருந்தது. "கோபம் தாங்குற மெத்த எதுங்க?" என்று கேட்டபடி ஆட்கள் வந்தார்கள், படுத்துப் பார்த்தார்கள். தலைக்கு மேலே கதை ஓடியது. கதையில் இவர் முதல் மூட்டைப் பஞ்சு வாங்கும் கட்டம் வருவதற்குள் ஒரு கணவனும் மனைவியும் ஜோடியாகக் குறட்டை விட்டார்கள். எழுந்ததும், "இப்படித் தூங்கி எத்தன நாளாச்சு! இதையே கட்டிக் குடுங்க" என்றார்கள்.

"பாத்தியாடா, எங்கதையோட மகிமைய!" என்று பக்கத்தில் நின்ற மைத்துனனைத் தட்டினார்.

"ஆமா மாமா, எனக்கே கண்ணு சொக்குது. ஆனா இவங்கள உள்ள இழுத்துட்டு வந்தது எது?"

இவர் பதில் சொல்வதற்குள் ஒரு பெண்மணி வாசலில் நின்று, "கிளிப்புல குதிச்சவரு நீங்கதானே? இன்னொரு தடவ குதிங்களேன்!" என்றார்.

குதித்தார். மூச்சு வாங்க இறங்கிக் கல்லாவைத் திறந்தார்.

"கைய நீட்டுடா."

விரலில் எச்சில் தொட்டு, விரிந்த உள்ளங்கையில் ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார்.