காயாரோகணத்துக்கு வந்த சுறுசுறுப்பு

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் காயாரோகணத்தைவிட மெதுவாகப் பேசும் மனிதர் கிடையாது. எழுபத்தெட்டு வயது. ஆறு மா நன்செய், அதாவது இரண்டு ஏக்கர், விவசாயிகள் சங்கத் தலைவர் பதவி. எரிவாயுக் குழாயை எங்கள் வயல்களின் நடுவே பதிக்க வேண்டும் என்று அதிகாரிகள் கிளம்பி வந்தபோது, அதை இரண்டு வருஷம் தடுத்து நிறுத்தியது கோஷமும் இல்லை, கொடியும் இல்லை. அவருடைய மெதுவான பேச்சுதான்.

தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். காயாரோகணம் எழுந்து, மேட்டூர் அணை திறந்த தேதியில் ஆரம்பித்து, ஒவ்வொரு மதகாக இறங்கிக் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். குழாயைப் பற்றி இன்னும் வாயே திறந்திருக்க மாட்டார். ஆட்சேபத்தை முழுசாகக் கேட்காமல் குழி வெட்டக் கூடாது என்று விதி. தாசில்தார் கூட்டத்தை ஒத்திவைப்பார். இப்படி மூன்று தாசில்தார்கள் மாற்றலாகிப் போனார்கள்.

ஐப்பசி அடைமழையில், ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் செல்லதுரை, கட்சித் தலைவர் பிறந்தநாளுக்காக இலவச மருத்துவ முகாம் போட்டார். கூட்டம் காட்ட வேண்டுமே, ஊரிலுள்ள கிழடு கட்டைகளையெல்லாம் வேனில் அள்ளிக்கொண்டு போனார்கள். முகாம் டாக்டர் காயாரோகணத்திடம் கேட்டார்: "சோர்வா இருக்கா? குளிருதா? மறதி உண்டா? வெளிக்கிப் போறது சிரமமா?"

அந்த வயதில், அந்த மழையில், வேறு என்ன பதில் வரும்? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். ஏழு என்று வந்தது. பக்கத்தில் அச்சடித்திருந்த வரம்பு நாலரை. அந்த வரம்பு பேரன் வயசுக்கா, தாத்தா வயசுக்கா என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. இன்னொரு தரம் சோதித்துப் பார்க்கவும் இல்லை. தைராய்டு சுரப்பு குறைவு என்று தினம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், அவ்வளவுதான் வைத்தியம்.

மிச்சக் கூத்தை அடித்தது காயாரோகணமே. வேளாண்மை ஆபீசில் சொன்ன அளவோடு யூரியா போட்டவன் எங்கள் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. மேலே ஒரு பிடி போடாவிட்டால் எங்களுக்குக் கை அரிக்கும். அவரும் விடியற்காலையில் இரண்டிரண்டாக விழுங்கினார்.

"ஒண்ணு போட்டா வேர் பிடிக்கும். ரெண்டு போட்டாத்தான் பச்சை கட்டும்" என்றார்.

"ஒடம்பா அது, நாத்தங்காலா?" என்று அவர் மனைவி பிரகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பச்சை கட்டத்தான் செய்தது. மார்கழிப் பனியில் மனிதருக்கு வியர்த்தது. தூக்கம் போயிற்று, சதை வற்றியது, கை நடுங்கியது. ஆனால் வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனார். அதைப் பார்த்துவிட்டு ஊரில் பாதிப் பேர் அந்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் விசாரித்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தாசில்தார் மறுபடி கூட்டம் போட்டார். மேட்டூரை எதிர்பார்த்து அவர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். காயாரோகணம் எழுந்தார். படபடவென்று கத்தினார். மதகும் இல்லை, கடைமடையும் இல்லை. "யோவ், எங்க வயல்ல கால வச்சுப் பாரு!" என்று மேசையைத் தட்டினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் பேச்சு முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் விழுந்தால் எல்லோரும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒருவர் மட்டும் போனால் மரியாதை இல்லை. அத்தனை பேரும் ஆம்புலன்ஸ் பின்னால் நாகப்பட்டினம் போனோம். காலி நாற்காலிகளைப் பார்த்த தாசில்தார், ஆட்சேபம் கேட்கப்பட்டது, மேற்கொண்டு பேச எவரும் இல்லை என்று எழுதிக் கூட்டத்தை முடித்தார். ஒரு முட்டாள்கூட அங்கே உட்கார்ந்திருக்கவில்லையே என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதா பானு மாத்திரையை நிறுத்தினார். "வயசானா டி.எஸ்.எச். கொஞ்சம் ஏறத்தான் செய்யுங்க. ரெண்டு மூணு மாசம் விட்டு இன்னொரு சோதனை, கூடவே தைராய்டு சுரப்பு அளவு, ரெண்டையும் பாத்துட்டுத்தான் மருந்தைப் பத்தியே பேசணும். தேவையில்லாத மருந்து, அதுலயும் ரெட்டை அளவு. இதயம் தாறுமாறா துடிக்குது. உரம் மிஞ்சினா பயிர் என்ன ஆகும்னு நான் சொல்லணுமாய்யா?"

"அப்ப எனக்கு என்னதாம்மா வியாதி?"

"வயசுதாங்க."

காயாரோகணம் வீடு திரும்பிய அன்று ஆட்டோவை வயலோரம் நிறுத்தச் சொன்னார். பால் பிடித்த கதிர்கள் சேற்றோடு சேறாக மடிந்து கிடந்தன. ஆறு மாவையும் கிழித்துக்கொண்டு குழி போயிருந்தது. குழி வெட்டும் காண்ட்ராக்ட் செல்லதுரைக்கு. அதற்காகத்தான் முகாமே போட்டார் என்று ஊரில் பேசினார்கள். நான் நம்பவில்லை. அவ்வளவு மூளை அவருக்குக் கிடையாது.

செல்லதுரையே ஆப்பிள் பையோடு வரப்பில் வந்தார். "ஐயா, அடுத்த மாசம் முகாம்ல இருதயம் பாக்குறோம். நீங்கதான் மொத ஆளு" என்றார்.

ஆட்டோவில் கூட வந்த பிரகதாம்பாள் குனிந்து, சேற்றிலிருந்து ஒரு கதிரை உருவிச் செல்லதுரை கையில் வைத்தாள்.

"இதையும் கொண்டு போங்க தம்பி. இதுக்கு என்ன மாத்திரைன்னு கேட்டு வாங்க."