சுஷ்மிதாவின் இரண்டு கிரகணங்கள்

சிங்கப்பூர் மார்சிலிங்கில் சுஷ்மிதாவைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை. லீவு கிடைத்தால் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு சமூக மன்றம் சமூக மன்றமாகப் போய், கிரகணம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று விளக்குவாள். வெளியே கைதட்டினார்கள். வீட்டில்தான் அது எடுபடவில்லை.

2016 மார்ச் சூரிய கிரகணத்தன்று அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. மாமியார் தடுத்தும் கேளாமல் கீழே இறங்கிப்போய்ப் பார்த்தாள். மகள் இனியா உதடு பிளந்து பிறந்தாள். அறுவை சிகிச்சையில் சரியாகிவிட்டது. தழும்பு மட்டும் மிச்சம். மாமியாரின் வாய்தான் ஓயவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம், "சொல்லச் சொல்லக் கிரகணம் பாத்தா, அனுபவிக்கிறா" என்பார்.

உண்மையில் பிப்ரவரி ஸ்கேனிலேயே பிளவு தெரிந்திருந்தது. "அம்மா தாங்கமாட்டாங்க, நேரம் பாத்து நானே சொல்றேன்" என்றான் கணவன் பிரபாகர். மகராசனுக்கு அந்த நேரம் வரவேயில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட சுஷ்மிதா, பழியைச் சுமந்துகொண்டே ஊருக்கு விளக்கம் சொல்லித் திரிந்தாள்.

2019 டிசம்பர் 26, வளையக் கிரகணம். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்கு எதிர்த் திடலில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தாள். நல்ல கூட்டம். தொலைநோக்கியின் முக்காலியைப் பிடித்துக்கொள்ளப் பிரபாகர், அவன் காலைக் கட்டிக்கொண்டு இனியா. வரிசையில் பக்கத்து புளோக் ரோஷினி, ஐந்து மாத வயிற்றோடு.

"அக்கா, நான் பாக்கலாமா? சேஃப்பா?"

"ஃபில்டர் போட்டிருக்கு. தாராளமா பாரு லா."

பேத்தியை வீட்டுக்குள் கூட்டிப்போக வந்த மாமியார் காதில் அது விழுந்தது. இனியாவின் முகவாயைப் பிடித்து ரோஷினி பக்கம் திருப்பினார்.

"இந்த உதட்டப் பாத்துட்டு அப்புறம் அதப் பாரும்மா."

ரோஷினி பின்வாங்கினாள். இனியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை அவள் அப்படிச் செய்ததே இல்லை. சுஷ்மிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மாமியாரை அவள் பார்க்கவில்லை, பிரபாகரைப் பார்த்தாள்.

அவன் சொல்லிவிட்டான். "அம்மா, விடுங்க. பிப்ரவரி ஸ்கேன்லயே டாக்டர் சொல்லிட்டாங்க. கிரகணம் மார்ச்லதான் வந்துச்சு."

மாமியாருக்கு அது உறைத்தது. இனியாவின் முகத்திலிருந்து கையை எடுத்தார். மருமகளைப் பார்த்தார், பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் இவளப் பேசினப்பல்லாம் நீ பக்கத்துலதானேடா இருந்தே?"

மூன்றரை வருடமாகச் சுஷ்மிதா பிரபாகரிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.