எதுல அடிக்கப் போறீங்க?

ஹார்டுவேர் கடைக்கு யாரும் சாவகாசமாக வருவதில்லை. ஒருத்தன் ஓடி வந்து நின்றால், எங்கோ இன்னொருத்தன் ஏணி மேல் நின்று கதவையோ தகரத்தையோ ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். எண்பதுகளில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த ஏணிக்காரர்களின் சாபமெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. "கொஞ்சம் கடையைப் பார்த்துக்கோ" என்று கணவனால் கல்லாவில் உட்கார்த்தி வைக்கப்பட்ட சகோதரிகளே, உங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும்.

அம்பத்தூரில் வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். நடுவில் ஒரு திரை. ஊருக்கெல்லாம் திருகாணி விற்ற என் வீட்டுக்காரர் செபாஸ்டியன், தன் கடைப் பரணை மட்டும் இரண்டு ஆணியில் நிறுத்தி வைத்திருந்தார். ஒரு நாள் பரண், அதன் மேலிருந்த ஆணி மூட்டை, மூட்டையை எடுக்க ஏறிய அவர், மூன்றும் சேர்ந்து கீழே வந்தன. காலில் மாவுக்கட்டு. சேதி கேட்டு ஆவடியிலிருந்து கொழுந்தன் லாரன்ஸ் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். எங்கள் கடை இருக்கிற இடத்தில் வீடியோ கேசட் லைப்ரரி வைக்க வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. வந்த நோக்கம் பழத்தை வைப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

"கட்டு பிரிக்கற வரைக்கும் பார்ப்போம் ஃபிலோ. வியாபாரம் படுத்துட்டா லாரன்ஸ் கையில குடுத்துடலாம்" என்றார் இவர். எனக்கு வந்ததே ஆத்திரம்! ஆணி விற்க என்ன பெரிய படிப்பு வேண்டும்? கான்வென்டில் கணக்கில் முதலாவதாக வந்தவள் நான். அதையும் சொல்லிக் காட்டினேன். அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்: "உனக்குக் கணக்கு தெரியும் சரி. ஆணிக்குத் தெரியாதே."

கொலு

முதல் வேலையாக, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து டப்பாக்களை ஒழுங்கு பண்ணினேன். இவர் வைத்திருந்த லட்சணத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறங்குலத்துக்குப் பக்கத்தில் அரையங்குலம், நடுவில் ஒரு கீல். பள்ளிக்கூட அசெம்பிளியில் உயர வாரியாக நிற்க வைப்பார்களே, அப்படி நீள வாரியாகப் பிரித்து அடுக்கினேன். ஒரே நீளமா, ஒரே டப்பா. அவ்வளவு அழகு.

திங்கட்கிழமை வந்தார் ஏழுமலை மேஸ்திரி. கொரட்டூரில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த வீடுகளில் பாதி அவர் கையில். அவர் ஒருத்தர் நின்றுவிட்டால் எங்கள் கடையும் நின்றுவிடும். ஒன்றரை அங்குல ஸ்க்ரூ கேட்டார். நானும் பெருமையாக ஒரு கை அள்ளி வைத்தேன். மரத்தில் ஏறுகிற கூர்மூக்கு, நட்டில் ஏறுகிற மொட்டைமூக்கு, சுவருக்கான இரும்பாணி எல்லாம் ஒன்றாகப் புரண்டன. மேஸ்திரி அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்து பொறுக்கினார். இவருடைய ஒழுங்கில் தச்சனுக்கு ஒரு தட்டு, கூரை ஷீட் போடுகிறவனுக்கு ஒரு தட்டு என்று இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொறுக்கி முடித்து எழுந்த மேஸ்திரி, அலமாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"சோக்கா அடுக்கிகீற யக்கா. சுண்டல் எப்போ தருவே?"

வெள்ளி மாதிரி ஒரு வாஷர்

சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் டீக்கடை வைத்திருந்தவர் ஒருவர், கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட வளைந்த போல்ட்டும் வாஷரும் கேட்டார். வாஷரில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று தார் பூசின கறுப்பு, தொட்டால் விரலில் அப்பிக்கொள்ளும். இன்னொன்று வெள்ளி மாதிரி பளபளவென்று இருக்கும். "அந்த அசிங்கம் எதுக்கு? இதைப் போடுங்க, பார்க்க நல்லா இருக்கும்" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். கூரை மேல் கிடக்கிற வாஷரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை, பாவம் அவருக்கும் தோன்றவில்லை.

போல்ட்டை முறுக்கும்போது அந்தத் தார்தான் நசுங்கி ஓட்டையை அடைக்கும் என்பதைத் திரைக்குப் பின்னாலிருந்து இவர் எனக்கு விளக்கினபோது, வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் டீக்கடைக்காரர் வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"டீக்குத் தண்ணி ஊத்தற வேலை மிச்சம்மா. அது பாட்டுக்கு மேலேருந்து ஊத்திக்குது."

விடைத்தாள்

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுத்த சிஸ்டர் ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார். மடத்து வரவேற்பறையில் கனமான இருதய ஆண்டவர் படம் ஒன்று மாட்ட வேண்டுமாம். விடுவேனா? "கான்கிரீட் நெயில், சிஸ்டர். ஸ்ட்ராங்கஸ்ட்!" என்று இங்கிலீஷில் முழங்கி, இருப்பதிலேயே தடித்த ஆணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சுவர் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது சுண்ணாம்புப் பூச்சு போட்ட பழைய காலத்துச் சுவர். மெதுவாகத் துளை போட்டு, மரக்கட்டை செருகி, அதில் ஸ்க்ரூ முறுக்கியிருக்க வேண்டும். என் ஸ்ட்ராங்கஸ்டை ஒரு அடி அடித்ததும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுவர் பெயர்ந்து வந்துவிட்டது.

மீதி ஆணியைத் திருப்பித் தர அவரே வந்தார். பொட்டலத்தைப் பிரித்து ஆணிகளை மேஜை மேல் கொட்டிவிட்டு, காகிதத்தை மட்டும் நீவி நீவிப் படித்தார். எங்கள் பொட்டலக் காகிதமெல்லாம் எடைக்கு வந்த பழைய விடைத்தாள்தான். படித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணும் கேள்வியைப் படிக்காமலே பதில் எழுதியிருக்கா, ஃபிலோ. நீதானோன்னு பேரைத் தேடினேன்."

ஜாதகம்

அன்றிலிருந்து கேள்வி கேட்காமல் ஒரு குண்டூசி கூட விற்பதில்லை என்று சபதம் எடுத்தேன். முதலில் மாட்டியவர் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். இரண்டு ஆணி கேட்டார். எதுல அடிக்கப் போறீங்க? செங்கல்லா, கான்கிரீட்டா, மரமா? பூச்சு எவ்வளவு கனம்? என்ன தொங்கப் போகுது? எத்தனை கிலோ? மழை படுமா? மனிதர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி வந்து, கடைசியில் ஆணி கைக்கு வருவதற்குள்ளேயே களைத்துப் போனார். திரைக்குப் பின்னால் கட்டில் குலுங்குகிற சத்தம் கேட்டது. வலியில் துடிக்கிறாரோ என்று எட்டிப் பார்த்தால், இவர் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கல்லாவுக்கு முன்னால் நின்ற திருநெல்வேலிக்காரர் கேட்டார்:

"காலண்டர் மாட்டத்தாம்மா கேக்கேன். ஜாதகம் இல்லாம ஆணி தர மாட்டியளோ?"

தொட்டில் கொக்கி

கட்டுப் பிரிக்கிற வாரம் வந்தது. லாரன்ஸ் இஞ்ச் டேப்போடு வந்து அலமாரியை அளக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு தட்டுக்கு எத்தனை கேசட் நிற்கும் என்று என் காதுபடவே முணுமுணுத்தான். அந்த நேரம் பார்த்து ஏழுமலை மேஸ்திரி வந்தார். கொரட்டூரில் அவர் கட்டி முடித்த வீட்டுக்குப் பிரசவித்த மகளை அழைத்து வந்திருக்கிறார்களாம். நாளைக்குக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள். "தளத்துல ஒரு கட்டை அடிச்சு முறுக்கிடறேன். மரத்துக்குப் போடற ஸ்க்ரூ கொக்கி ஒண்ணு குடு யக்கா."

கை டப்பாவுக்குப் போய்த் திரும்பிவிட்டது. சுவரில் கட்டை அடித்தால் பாரம் குறுக்கே இறங்கும், கட்டை நிற்கும். தலைக்கு மேலே கூரைத் தளத்திலே அப்படியா? கட்டை போன வழியாகவே பாரமும் இழுக்கும். ஆட்ட ஆட்ட இளகி, ஒரு நாள் கட்டையோடு வந்துவிடும். "மேஸ்திரி, மொட்டை மாடி வரைக்கும் துளை போடுங்க. நீளக் கொக்கியை விட்டு, மேலே அகலமான வாஷர் வெச்சு நட்டு முறுக்குங்க. சுத்திச் சிமெண்ட் பூசிட்டா ஒழுகாது" என்றேன்.

"இன்னா யக்கா, புதுத் தளத்துல ஓட்ட போடச் சொல்றே? ஊட்டுக்காரன் என் மண்டைல போட்டுடுவான். கொயந்த இன்னா கனம்? பூனக்குட்டி."

"இன்னிக்குப் பூனைக்குட்டி. நாளைக்கு? மூத்தது ஒண்ணு இருக்கா, இல்லியா?"

"கீது. மூணு வயசுப் பையன்."

"அவன் அந்தத் தொட்டில்ல தொங்க மாட்டானா?"

மேஸ்திரிக்கு முகம் சிவந்தது. "இத்தினி வருசம் அண்ணாத்தே என்னிய ஒரு கேள்வி கேட்டதில்ல. கொக்கி குடுப்பியா, மாட்டியா?" லாரன்ஸ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "கேட்டதைக் குடுங்க அண்ணி, நமக்கென்ன வந்துது?" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. தர மாட்டேன் என்றேன். "இனிமே எல்லா சாமானும் வேற கடைதான்" என்று மேஸ்திரி சைக்கிளை எடுத்தார். அதோடு வாயை மூடியிருக்கலாம். நான் தெருவுக்கே ஓடி, நாலு கடை எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்: "எங்க வேணா வாங்குங்க! கொழந்தையைப் போடறதுக்கு முன்னாடி நீங்க அதுல தொங்கிப் பாருங்க!"

திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. திட்டினால் கூடத் தேவலை என்று இருந்தது. அன்று குழம்பில் உப்புப் போட்டேனா என்று எனக்கே தெரியாது, இவரும் சொல்லவில்லை. மறுநாள் லாரன்ஸ் மறுபடி டேப்போடு வந்து மிச்ச அலமாரியையும் அளந்துகொண்டிருந்தான். வாசலில் சைக்கிள் சத்தம். மேஸ்திரி சைக்கிளில் ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது.

வேறு கடையில் கொக்கி வாங்கி, கட்டை அடித்து முறுக்கியும் விட்டாராம். கிளம்பும்போது என் குரல் காதிலேயே நின்றதாம். சனியன், ஒரு தடவை தொங்கித்தான் பார்ப்போமே என்று இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டியிருக்கிறார். கொக்கி, கட்டை, ஒரு கூடைச் சிமெண்ட், எல்லாம் அவரோடு கீழே வந்துவிட்டன. பக்கத்து அறையில் தூங்கின குழந்தை கூட விழிக்கவில்லையாம். நீளக் கொக்கியையும் வாஷரையும் எடுத்து மேஜை மேல் வைத்தேன். மேஸ்திரி மெதுவாகக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டா குடு யக்கா. இடுப்பு போனவனுக்கும் ஒரு தொட்டில் கட்டணும்."

திரைக்குப் பின்னாலிருந்து, முந்தின நாள் முதல் வாயே திறக்காத மனிதரின் குரல் வந்தது: "லாரன்ஸ், அளந்தது போதும். டேப்பைச் சுருட்டு."

கட்டுப் பிரித்த பிறகும் கல்லாவில் நான்தான் உட்கார்ந்தேன் என்றாலும், என் கான்வென்ட் படிப்பு அந்தக் கடைக்கு உதவியது பொட்டலம் மடிக்கிற விடைத்தாளாக மட்டும்தான், மற்றதெல்லாம் கேள்வி கேட்ட வாய்.