எடை மேடைக்கு லினக்ஸில் வழி சொன்னது நான்

ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். டீசல் எஞ்சினுக்கென்று செய்த பம்பை மின் மோட்டாரில் பூட்டி ஓட வைத்தேன். வெள்ளிமலை ஏற்றத்தில் கொதித்து நின்ற ஜீப்புக்கு டிராக்டர் ரேடியேட்டரை மாட்டினேன். பாறை என்று மூன்று பேர் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டினேன். சங்கராபுரம் சாலையில் லாரி ஏறி நிற்கும் எடை மேடையைப் போட்டேன். கடன் கேட்கப் போனபோது, "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை" என்று வங்கி மேலாளர் சிரித்தார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். மேடை இருக்கிறது.

அந்த மேடையின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு மரவள்ளி விவசாயிகள் விழா மலர் போடுகிறார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு படி என் கைக்கு வந்தது. போராட்டக் காலத்தில் மேடை நின்றுபோனபோது என் மாப்பிள்ளை தனி ஒருவராக அதை மீட்டாராம். நான் பக்கத்தில் இருந்து ஊக்கம் தந்தேனாம். ஊக்கம் தர நான் என்ன கபடி பார்க்க வந்தவனா?

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலையை மறித்துக்கொண்டிருந்த சமயம் அது. கடைகள் அடைப்பு. பஸ் எப்போது கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. அந்த வாரம் பார்த்து மேடையின் கம்ப்யூட்டர் புகைந்து செத்தது. புரோகிராம் போட்டுக்கொடுத்த சேலத்துக்காரர், "ரோடு தொறக்கட்டுங்க, வரேன்" என்று போனை வைத்துவிட்டார். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கோடு இறங்கிய லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. பிடுங்கிய கிழங்கு மூன்றாம் நாள் உள்ளே கறுக்கத் தொடங்கும். கையால் எழுதிய எடைச் சீட்டைப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் வாங்க மாட்டார்கள்.

முதல் லாரியின் டிரைவர் மேடையை விட்டு இறங்காமல் கேட்டார்: "இன்னா பெரியவரே, மேடை கீது, சீட்டு இல்லியா? அப்ப இதும்மேல நாடகம் போடலாமா?"

பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மாப்பிள்ளை அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் வேறு எதையும் ஏற்றக் கம்பெனி விடாதாம். என் மகன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் இருந்தது. அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான். பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த எடைப் புரோகிராமோ விண்டோஸுக்கு எழுதியது. லினக்ஸில் விண்டோஸ் புரோகிராமை ஓட்ட ஒரு மென்பொருள் உண்டு என்று மாப்பிள்ளை அதை இறக்கிப் போட்டார். அது அவர் செய்தது, மறுக்கவில்லை. புரோகிராம் திறந்தது. ஆனால் மேடையின் எடை காட்டும் பெட்டியில் சிவப்பு எண் ஓட, அதோடு ஒயரில் இணைத்த லேப்டாப் திரையில் பூஜ்யம்தான் நின்றது.

காலை முழுக்கத் தட்டிப் பார்த்தார். "ஆவாதுங்க மாமா. இது விண்டோஸுக்குன்னு பண்ணது. சேலத்தாரு வந்தாத்தான்" என்று லேப்டாப்பை மூடினார்.

நான் திறக்கச் சொன்னேன். "பொட்டியில நம்பர் ஓடுது. ஒயரும் மாட்டிக்கீது. புரோகிராம் எந்த வாசல பாத்துக்கினு நிக்குதுங்க மாப்ள?"

"காம் ஒன்னுன்னு ஒரு வாசல். இதுல அந்தப் பேரே கெடையாது மாமா. ஒயர் சொருவுன எடத்துக்கு லினக்ஸ் வேற பேரு வெச்சிருக்குது."

"அப்ப அந்த எடத்துக்கே காம் ஒன்னுன்னு இன்னொரு பேரையும் வெய்யுங்க."

"கம்ப்யூட்டர்ல போயி அப்பிடில்லாம்..."

"உங்க அத்தைக்கு வெக்கலியா?"

என் அம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒரே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை அதட்ட முடியுமா? அதனால் தாலி ஏறிய அன்றே அவளுக்கு வேறு பெயர் வைத்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிறந்த வீட்டார் ஒரு பெயரில் கூப்பிடுகிறார்கள், நாங்கள் ஒரு பெயரில். எதற்கும் திரும்புகிறவள் அவள்தான்.

சீட்டுப் போடும் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஒரு வரி தட்டினார், ஒரே வரி. புரோகிராமை மூடித் திறந்ததும் திரையில் எடை வந்து நின்றது. சீட்டு அச்சாகி வெளியே வரும்போது, "நானே அதத்தான் செய்யலாம்னு இருந்தேன்" என்றார். செய்ய இருந்தவர் லேப்டாப்பை எதற்கு மூடினார்?

மலருக்காக விவசாயிகள் அவரிடம் விவரம் கேட்டபோதும் என் பங்கைச் சொல்லவில்லை. "பொண்ணு வாழுற எடம், வுட்டுடுங்க" என்கிறாள் என் மனைவி. பெண் நன்றாக வாழட்டும். அதற்காக என் மூளையில் உதித்ததை நான் ஏன் சீர்வரிசையாகக் கொடுக்க வேண்டும்?

மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். புரோகிராமைத் திறந்தவர் மாப்பிள்ளை, எடையைத் திரைக்குக் கொண்டுவந்த யோசனை மாமனாருடையது என்று மாற்றி அச்சிடுங்கள். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். முடியாதென்றால் விழாவை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். என் மேடையில் வேண்டாம்.