கழுத்தை இறுக்கிய முகமூடி

மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் தோலைத் தடவியே பதம் சொல்வேன். ஆம்பூரில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகள் ஸ்டெல்லா பாடும் மெட்டல் இசைக்குழுவுக்குக் கொம்பு வைத்த பேய் முகமூடிகள் தைத்துக் கொடுத்ததும் நான்தான். அவற்றைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

வேலூரில் அவர்களின் முதல் பெரிய நிகழ்ச்சி. அவசரத்தில், ஈரம் முழுதாகக் காயாத தோலில் கழுத்துவரை மூடும் புது முகமூடியை ஸ்டெல்லாவுக்குத் தைத்துவிட்டேன். மேடை விளக்குகளின் சூட்டில் அது சுருங்கி இறுகியது. பாட்டு நின்றது. ஸ்டெல்லா கழுத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

"செம ஆக்டிங்டா!" என்று கூட்டம் விசிலடித்தது.

எனக்கு மட்டும் விஷயம் புரிந்தது. உடுப்புகளைச் சரிசெய்ய வைத்திருந்த கத்தியோடு மேடைக்கு ஓடினேன்.

"ஆடாத கண்ணு" என்றேன். தோலுக்கும் தொண்டைக்கும் நடுவே கத்தி நுழைய இடமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தையலை அறுத்தேன். அவள் இருமினாள். கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தியது.

அந்த வீடியோ பரவி, இப்போது பல ஊர்களிலிருந்து அழைப்பு வருகிறது. எல்லோரும் கத்திக்காரக் கிழவனையும் கேட்கிறார்கள்.

"வா நைனா, நீதான் ஸ்டாரு" என்கிறாள் மகள்.

நன்றாகக் காய்ந்த தோலில், இழுத்தாலே பிரியும் நூலில்தான் இப்போது தைக்கிறேன். மேடைதோறும் கத்தியோடு ஓடி அதை அறுக்கிறேன். ஆனாலும் அவள் மூச்சுச் சத்தம் கேட்கும்வரை அவள் வாயருகே வைத்த காதை எடுக்கமாட்டேன்.

"பெருசு இன்னாமா நடிக்குது பாரு!" என்கிறார்கள் கூட்டத்தில்.